கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள்! வக்கீல் ஆபீசை முடக்கிய வைரஸ்

2017-ம் ஆண்டு ஜூன் மாதம் 27-ந் தேதி.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், ஒரு வக்கீல் ஆபீசுக்கு வேலைக்கு வந்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

அங்கே ஒரு பலகை வைக்கப்பட்டு இருந்தது. யாரும் கம்ப்யூட்டரை இயக்கக்கூடாது, இதில் யாருக்கும் விலக்கு கிடையாது என்று அதில் எழுதி இருந்தது.

அந்த நிறுவனத்தின் பெயர் "டி.எல்.ஏ. பைப்பர்". 40 நாடுகளில் ஆபீஸ் வைத்துள்ள பெரிய நிறுவனம் அது!

டெலிபோன் பேசவில்லை. இ-மெயில் வரவில்லை. மெயில் திரும்பி வரப் பல நாட்கள் ஆயின.

எப்படிப் புகுந்தது?

உக்ரைன் நாட்டில் வரிக் கணக்கு எழுத "எம்.இ.டாக்" என்ற புரோகிராமைப் பலர் பயன்படுத்தி வந்தார்கள். அதைத் தயாரித்த கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் எத்தர்கள் புகுந்தார்கள். புரோகிராமைப் புதுப்பிக்க வரும் "அப்டேட்"டோடு வைரசையும் சேர்த்து அனுப்பி விட்டார்கள்.

அங்கே தொடங்கிய வைரஸ், உலகின் பல பெரிய கம்பெனிகளுக்குள் பாய்ந்தது. அதன் பெயர் "நாட்பெட்யா".

"300 டாலர் கொடுத்தால் திறந்து விடுகிறோம்" என்று கம்ப்யூட்டர் திரை மிரட்டியது. அதுவும் பொய். பணம் கொடுத்தாலும் பூட்டு திறக்காது!

இது ரஷிய ராணுவத்தின் வேலை என்று 2018-ல் அமெரிக்காவும் இங்கிலாந்தும் கூறின. ரஷியா மறுத்தது.

யாருடைய சொத்து?

வக்கீலிடம் இருக்கும் கேஸ் கட்டு, கட்சிக்காரரின் வாழ்க்கை. சொத்துத் தகராறு, விவாகரத்து, ஜாமீன் என்று வீட்டாரிடம் கூடச் சொல்லாததை எல்லாம் வக்கீலிடம்தான் சொல்கிறார்கள்.

முன்பு அதை பீரோவில் வைத்துப் பூட்டினால் போதும். இப்போது அது கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதனால்தான் அமெரிக்க வக்கீல் சங்கம் 2012-ல் தனது மாதிரி விதிகளைத் திருத்தியது. கட்சிக்காரரின் தகவல் பிறர் கையில் சிக்காமல் இருக்கத் தகுந்த முயற்சி எடுப்பது வக்கீலின் கடமை என்று அதில் சேர்த்தது.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் "பாஸ்வேர்டு". அது நீளமாக இருக்க வேண்டும். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி கூடாது. செல்போனுக்கு வரும் ரகசிய எண் இரண்டாவது சாவி. அதை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது.

இரண்டாவது, பொய்க் கடிதம். கோர்ட்டு நோட்டீஸ் போலவே மெயில் வரும். திறந்தால் வைரஸ்! "பாங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தைப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்" என்று வக்கீல் பெயரில் கட்சிக்காரருக்கும் வரலாம். அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணை நம்பாமல், ஏற்கனவே தெரிந்த எண்ணில் வக்கீலைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, ஓட்டையை அடைப்பது. நாட்பெட்யா புகுந்த ஓட்டைகளில் ஒன்றை அடைக்க, மைக்ரோசாப்ட் கம்பெனி 3 மாதங்களுக்கு முன்பே வழி செய்து இருந்தது. பலர் அதைச் செய்யவில்லை. ஆனால், அடைத்தவர்களும் முழுதாகத் தப்பவில்லை. ஒரு கம்ப்யூட்டரில் திருடிய பாஸ்வேர்டைக் கொண்டு அடுத்ததற்குள் நுழைந்தது அந்த வைரஸ்!

ஆகவே நான்காவதுதான் முக்கியம். அதுதான் நகல். எல்லாத் தஸ்தாவேஜுகளுக்கும் தனி நகல் வேண்டும். அது கம்ப்யூட்டரோடு எப்போதும் இணைந்து இருந்தால் பயன் இல்லை. வைரஸ் அதையும் தின்றுவிடும். நகல் எடுத்ததும் கழற்றித் தனியே வைக்க வேண்டும். அது சரியாகத் திறக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவும் வேண்டும்.

வக்கீலைத் தேடிப் போகிறவர்கள் பீஸ் எவ்வளவு என்று கேட்கிறார்கள். வாய்தா எப்போது என்று கேட்கிறார்கள். இனி இதையும் கேட்கலாம்:

"என் தஸ்தாவேஜுகளுக்குத் தனி நகல் இருக்கிறதா, ஐயா?"