மொட்டை மாடிக்கு இரண்டு தம்ளர்

நாட்டு மருந்துக் கடையில் ஒரு கைப்பிடி நன்னாரி வேர் வாங்கி, சின்ன உரலில் போட்டு ஒரு தட்டு தட்டி முகர்ந்து பாருங்கள். உள்ளே வெள்ளை நரம்பாக ஓடும் நடுத்தண்டில் அதிக வாசம் இருக்காது. மணம் துருநிற மேல்தோலில்தான். அந்த மணத்தைத் தரும் வேதிப்பொருளையும் ஐஸ்கிரீம் வாசனையான வெனிலினையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். இரண்டிலும் 8 கார்பன், 8 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன். ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை. அவை வளையத்தில் ஒட்டியிருக்கும் இடம் மட்டும்தான் வேறு. மதுரையில் ஜிகர்தண்டா போடுகிறவர்கள் நன்னாரி சர்பத்தை ஊற்றி அதன் தலையில் ஐஸ்கிரீமை வைப்பது ஏன் அவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு வேதியியல் தரும் பதில் இது.

கல்யாண நாளோ பிறந்த நாளோ வந்தால் புருஷனும் பெண்டாட்டியும் ஓட்டலுக்குப் போய்த்தான் காக்டெயில், மாக்டெயில் என்று விதவிதமாகக் குடிக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் வளர்ந்துவிட்டது. வைகைக்கு வடக்கே, 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்த ஆனையூரில் இருப்பவர்களுக்கு அது தேவையே இல்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு மொட்டை மாடியில் கிடைக்கும் ஒரு மணி நேரம் போதும். வேண்டிய சாமான் எல்லாம் பெட்டிக்கடையிலும் மருந்துக் கடையிலும் பக்கத்து வீட்டு வேலியிலும் இருக்கிறது. கலவை ஏன் ருசிக்கிறது என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

காக்டெயிலில் மது போதையை மட்டும் தருவதில்லை. தொண்டையில் ஒரு எரிப்பைத் தருகிறது, வாசனைகளைத் தன்னில் கரைத்து மூக்குவரை தூக்கிக்கொண்டு வருகிறது, இனிப்பைக் கொஞ்சம் அடக்குகிறது. மதுவை எடுத்துவிட்டு அந்த வேலைகளை வேறு எதற்கும் கொடுக்காமல் விட்டால் மிஞ்சுவது வெறும் ஜூஸ். பல இடங்களில் மாக்டெயில் என்ற பெயரில் கிடைக்கும் கலர் தண்ணீர் திகட்டுவதற்குக் காரணம் அதுதான். எரிப்புக்கு இஞ்சி, வாசனைக்கு நன்னாரியும் பன்னீரும், இனிப்பை அடக்க எலுமிச்சையும் ஒரு சிட்டிகை உப்பும் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தால், மது இல்லாத தம்ளரில் எந்தக் குறையும் தெரியாது.

இஞ்சி இந்த வேலைக்குப் பொருத்தமானது என்பதற்கு உடம்பே சாட்சி. சூட்டையும் எரிச்சலையும் உணரும் நரம்பு முனைகளில் ஒரு வகைப் புரதம் இருக்கிறது. மது தொண்டையில் எரிவதும், இஞ்சி காரமாக இருப்பதும், மிளகு சுள்ளென்று ஏறுவதும் அதே புரதத்தைத் தூண்டித்தான். தோல் சீவிய இஞ்சியைத் துருவிப் பிழிந்து, பத்து நிமிடம் அப்படியே வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேலே தெளிந்திருக்கும் சாற்றை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு தம்ளருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

உப்பைப் பற்றிப் பலருக்குத் தயக்கம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவு உப்பு, கரிப்பதற்கு முன்பே கசப்பை அமுக்கிவிடும். கசப்பு அமுங்கியதும் இனிப்பும் மணமும் மேலே வரும். எலுமிச்சையைத் தோலோடு சேர்த்து முரட்டுத்தனமாகப் பிழிந்தால் வருகிற கசப்புக்கும் இதுதான் மருந்து. மெதுவாகப் பிழிவது அதைவிட நல்லது.

அடுத்தது ஐஸ். சித்திரை வெயிலில் வீட்டுப் பானைக்கு வெளியே இருக்கும் தண்ணீர் 32 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தம்ளர், 200 மில்லி. இதை 4 டிகிரிக்குக் கொண்டுவர 5,600 கலோரி வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 80 கலோரியை இழுத்துக்கொள்ளும். உருகிய தண்ணீர் 4 டிகிரிக்கு வருவதற்குள் இன்னும் 4. கணக்குப் போட்டால் 67 கிராம் ஐஸ் முழுசாக உருக வேண்டும். தம்ளரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் கூடிவிட்டது. எவ்வளவு கவனமாக அளந்து ஊற்றியிருந்தாலும் ருசி போச்சு. அதே பானத்தின் சாமான்கள் ஃப்ரிட்ஜில் 8 டிகிரியில் இருந்திருந்தால் 10 கிராம் ஐஸ் உருகினால் போதும். ஆகவே சிரப், எலுமிச்சைப் பழம், சோடா, தம்ளர் என்று எல்லாவற்றையும் காலையிலேயே ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் பானம் கலக்குவதற்கு இதைவிட முக்கியமான விதி வேறு இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

ஐஸ் குறைவாகப் போட்டால் தண்ணீராகாது என்று நினைப்பதும் தவறு. இரண்டே கட்டி போட்டால் அவை இரண்டும் சீக்கிரம் உருகிக் காணாமல் போகும். தம்ளர் நிறையப் போட்டால் பானம் சட்டென்று குளிர்ந்து, அதன்பிறகு உருகுவது மட்டுப்படும்.

சோடாவுக்கும் குளிர் வேண்டும். 1767-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி, பீர் காய்ச்சும் தொட்டிக்கு மேலே தேங்கியிருந்த காற்றில் தண்ணீரைப் பிடித்துச் செயற்கைச் சோடாவுக்கு வழி கண்டார். நம் பெட்டிக்கடைக் கோலி சோடாவின் பாட்டில், ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை பெற்ற வடிவம். உள்ளே அடைபட்ட வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி வாயை மூடி வைத்திருக்கிறது. சாதாரண காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில் கிட்டத்தட்ட 1.7 லிட்டர் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது 0.7 லிட்டருக்கும் கீழே போய்விடும். வெயிலில் நின்ற சோடாவைத் திறந்தால் புஸ்ஸென்று பொங்கி, தம்ளருக்கு வரும்போது சப்பென்று இருப்பது இதனால்தான். நாக்கில் சுருக்கென்று குத்துவதும் குமிழியின் வேலை மட்டும் இல்லை. புளிப்பை உணரும் செல்களின் மேல் இருக்கும் ஒரு நொதி அந்த வாயுவை அமிலமாக்குகிறது என்று 2009-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் சோடா சேர்க்கும் பானத்தில் எலுமிச்சையை ஒரு சொட்டு குறைத்தே பிழியலாம்.

சர்க்கரையை நேராகக் குளிர்ந்த தம்ளரில் போட்டுக் கலக்கக் கூடாது. பாதி அடியிலேயே கிடக்கும். ஒரு தம்ளர் சர்க்கரைக்கு ஒரு தம்ளர் தண்ணீர், கரையும்வரை சூடு, ஆற வைத்து ஃப்ரிட்ஜ். பாகு பதம் எல்லாம் வேண்டாம். எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி என்றால் சிரப் ஒன்றேகால் என்பதில் தொடங்கி, உங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ருசி பார்ப்பது எப்போதும் குளிர்ந்த பிறகு இருக்கட்டும். இனிப்பை மூளைக்குச் சொல்லும் பாதை குளிரில் மந்தமாகிவிடும். அறைச் சூட்டில் திகட்டுகிற அளவு, ஐஸோடு குடிக்கும்போது சரியாக இருக்கும்.

இனி அந்த ராத்திரிக்கான தம்ளர். ஆனையூர்ப் பக்கம் எத்தனையோ காம்பவுண்டுச் சுவரில் சங்குப்பூ படர்ந்து கிடக்கிறது. நீலப் பூ பத்துப் பறித்து, பச்சைக் காம்பை நீக்கிக் கழுவி, 150 மில்லி கொதித்த தண்ணீரில் ஐந்து நிமிடம் போடுங்கள். இதழ் வெளுத்துவிடும், தண்ணீர் மைக்கூட்டு நீலமாகும். வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ராத்திரி, உயரமான இரண்டு கண்ணாடித் தம்ளர் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒன்றேகால் சிரப், ஒரு தேக்கரண்டி இஞ்சிச் சாறு, உப்பு. நன்றாகக் கலக்கி, தம்ளர் நிறைய ஐஸ் போட்டு, கரண்டியின் பின்புறத்தின் மேல் வழியவிட்டு நீலத் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். சர்க்கரை கலந்த புளிப்பு கனமானது, அடியில் தங்கும். நீலம் மேலே நிற்கும். இரண்டும் தொடும் இடத்தில் மட்டும் ஊதாக் கோடு ஒன்று விழும்.

அதோடு நிறுத்தி மாடிக்கு எடுத்துப் போங்கள். சோடாவை அங்கே திறந்து, அவருடைய தம்ளரில் நீங்களும் உங்கள் தம்ளரில் அவரும் ஊற்றுங்கள். சோடா இறங்கி அடியைக் கிளப்பியதும் நீலம் முழுக்க ஊதாவாகி, இளஞ்சிவப்பை நோக்கிப் போகும். பூவில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி, அமிலம் பட்டதும் தன் மூலக்கூறின் அமைப்பை மாற்றிக்கொள்கிறது. அது விழுங்கும் ஒளி மாறுவதால் நம் கண்ணுக்கு வரும் ஒளியும் மாறுகிறது. எலுமிச்சை கூடினால் சிவப்பு கூடும். நிறம் மந்தமாக மாறினால் தண்ணீரையும் கொஞ்சம் சந்தேகியுங்கள். கடினமான போர் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் எலுமிச்சையின் அமிலத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். குடிக்கிற கேன் தண்ணீரே இதற்கு நல்லது.

சங்குப்பூவுக்குச் சொல்லிக்கொள்ளும்படி மணம் கிடையாது. சாதா சோடாவுக்குப் பதில் பன்னீர் சோடா ஊற்றினால் ரோஜா வாசம் வந்து சேரும். அதில் ஏற்கெனவே சர்க்கரை இருப்பதால் சிரப்பைப் பாதியாக்க வேண்டும்.

மேலே வெள்ளை நுரை நிற்கிற பானம் பிடிக்கும் என்றால் அதற்கும் நம் அடுப்படியில் வழி இருக்கிறது. மதுக்கூடங்களில் பச்சை முட்டையின் வெள்ளைக்கருவை அடிப்பார்கள். நம் வெப்பத்தில் அது கிருமிக்கு இடம் கொடுக்கும், எனக்குச் சம்மதம் இல்லை. 2014-ல் பிரான்சைச் சேர்ந்த ஜோயல் ரோசெல், கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரும் அதேபோல நுரைக்கும் என்று கண்டுசொன்னார். சுண்டலுக்கு வேகவைக்கும்போது உப்புப் போடாமல், கடலையை அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டால் அது கொழகொழவென்று ஆகும். அதில் இரண்டு மேசைக்கரண்டி, நன்னாரி சர்பத் இரண்டு, எலுமிச்சைச் சாறு ஒன்று. மூடி இறுக்கமான பாட்டிலில் போட்டு முதலில் ஐஸ் இல்லாமல் அரை நிமிடம், பிறகு ஐஸோடு இன்னொரு அரை நிமிடம் குலுக்குங்கள். கடலைப் புரதமும் சபோனினும் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடலை வாசம் நன்னாரிக்குள் ஒளிந்துவிடும். சோடாவை மட்டும் பாட்டிலுக்குள் ஊற்றிக் குலுக்கிவிடாதீர்கள்.

ஜிகர்தண்டாவை வீட்டில் போடுவதற்குப் பொறுமைதான் முதல். அரை லிட்டர் பால் 300 மில்லிக்கு வற்றி, லேசான பழுப்பு ஏறும்வரை சிறு தீயில் நிற்க வேண்டும். பாதாம் பிசின் தண்ணீரைக் குடித்துப் பல மடங்கு உப்பும். இரண்டு பேருக்கு ஒரு தேக்கரண்டி போதும், ராத்திரி முழுக்க ஊற வேண்டும். இதில் எலுமிச்சை கூடவே கூடாது, பால் திரிந்துவிடும்.

பழக்கம் உள்ளவர்கள் சங்குப்பூத் தம்ளரில் 30 மில்லி ஜின் சேர்ப்பார்கள். சேர்ப்பதானால் கண்ணளவில் ஊற்றாமல் அளந்தே ஊற்றுங்கள். நம் நாட்டு பாட்டில்களில் வழக்கமாக அச்சிட்டிருக்கும் 42.8 சதவீத அளவில், 30 மில்லிக்குள் சுமார் 10 கிராம் மது இருக்கிறது. சர்க்கரையும் புளிப்பும் அதன் எரிப்பை மறைத்துவிடுவதால் எவ்வளவு குடித்தோம் என்று நாக்கு எச்சரிக்காது. கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் அந்த 30 மில்லியும் வேண்டாம். ஒருவர் குடித்து ஒருவர் குடிக்காத வீடு என்றால், இரண்டு தம்ளரையுமே மது இல்லாமல் போடுவதுதான் அந்த ராத்திரிக்கு அழகு.

மல்லிகையை மறந்துவிட வேண்டாம். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, காலையில் மொட்டாகப் பறிக்கப்பட்டு ராத்திரியில் மலர்வது. நீங்கள் மாடியில் உட்காரும் நேரமும் அது மலரும் நேரமும் ஒன்று. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை என்பதால் பூ தம்ளருக்குள் இருக்க வேண்டியதில்லை, பக்கத்தில் ஒரு முழம் கிடந்தால் போதும். சந்தைப் பூவைத் தம்ளரில் போடவே கூடாது; அது சாப்பிடுவதற்கென்று வளர்த்த பூ இல்லை, பூச்சிமருந்து பட்டிருக்கும்.

நாளைக்கே ஆரம்பிப்பதானால், இன்று ராத்திரி படுக்கப் போவதற்கு முன்னால் பாதாம் பிசினை ஊறப்போடுங்கள், ஐஸ் தட்டில் தண்ணீரை நிரப்பி வையுங்கள், காலையில் சோடாவையும் தம்ளர்களையும் ஃப்ரிட்ஜுக்குள் ஏற்றிவிடுங்கள். சங்குப்பூவைப் பறிக்கும்போது பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.