முகமற்ற கணினியோடு சம்பாஷணை

வங்கக் கடலை ஒட்டி, புதுச்சேரியின் பழைய பிரெஞ்சு நகரின் நேர்வீதிகளுக்கு வடக்கே அமைந்த குருசுக்குப்பத்தில், கடற்காற்று சுமந்துவரும் உப்பு சைக்கிள் சங்கிலியையும் ஜன்னல் கம்பியையும் அரித்துத் தின்பது அன்றாட அனுபவம். இத்தகைய இடத்தில், வீட்டின் இணையப் போக்குவரத்தை இரவும் பகலும் ஆளவேண்டிய ரௌட்டர் கணினியொன்றை வைக்க விரும்புவோர், உப்புக்காற்றை உள்ளே இழுக்கும் விசிறியுள்ள பெட்டியை விடுத்து, விசிறியே வேண்டாத சிறு யந்திரத்தை நாடுவது விவேகமாகும்.

ஸ்விட்சர்லாந்து தேசத்துப் பி.சி. எஞ்சின்ஸ் நிறுவனத்தாரின் ஏ.பி.யு.2 என்னும் பலகை அவ்வினத்தைச் சேர்ந்தது. அது ஏறத்தாழ 6 அங்குலச் சதுரமானது; அதன் வெப்பம் அலுமினியக் கூட்டின் வழியே வெளியேறிவிடும். 6 முதல் 12 வாட் மின்சாரமே அதற்குப் போதும். ஆயினும், திரையைப் பொருத்துவதற்கு அதில் இடமே கிடையாது. 9 ஊசிகள் கொண்ட சீரியல் முனை ஒன்றே அந்த முகமற்ற கணினிக்கு வாயும் செவியும்.

அம்முனையையும் நமது மடிக்கணினியையும் இணைக்கும் கேபிளில், ஒன்றின் வாய் மற்றதன் செவிக்குச் சேருமாறு கம்பிகள் குறுக்காக மாற்றப்பட்டிருத்தல் அவசியம். இரு வாய்கள் எதிரெதிரே நின்றால் சம்பாஷணை நிகழாதன்றோ? இருபுறமும் வேகமும் ஒத்திருக்கவேண்டும். 115200 பாட் என்னும் வேகத்தில், ஓர் எழுத்துக்கு 10 துடிப்புகள் வீதம், நொடிக்கு 11520 எழுத்துகள் செல்லும். ‘பாட்’ என்ற அந்த அலகு, 1874-இல் தமது தந்தி முறைக்குக் காப்புரிமை பெற்ற பிரெஞ்சுப் பொறியாளர் எமில் போதோவின் பெயரைத் தாங்கியது. நம் ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அக்காலத்துத் தந்திக் கலையின் சந்ததியே இன்றைய இந்தக் கேபிள்.

இனி, டெபியன் போன்ற கட்டற்ற இயக்குதளமொன்றைப் பென்டிரைவில் எழுதிச் செருகி, பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து, அது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் கணத்தில் எஃப்10 விசையை அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பயில்வோர் பலரும் கலங்குவது இதற்கடுத்த கட்டத்தில்தான்; சில வரிகள் ஓடியபின் பூரண மௌனம் நிலவும். யந்திரம் பழுதடையவில்லை; நிறுவும் நிரல், இல்லாத திரையொன்றை இருப்பதாக எண்ணி, அதனிடம் பேசிக்கொண்டிருக்கிறது. தொடக்கப் பட்டியலிலேயே அதை நிறுத்தி, முதல் சீரியல் முனை வழியே இன்ன வேகத்தில் பேசுக என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், கேள்விகள் ஒவ்வொன்றாக நம் முன் வந்து நிற்கும். நிறுவி முடிந்தபின், அதே ஆணை நிரந்தரமாகப் பதிந்துள்ளதா என்று சரிபார்த்தலும் இன்றியமையாதது. தவறினால், மறுதொடக்கத்தில் பழைய மௌனமே திரும்பும்.

அதன்பின், பெட்டியின் ஒரு துளையில் இணைய வழங்குநரின் கம்பியையும், மற்றவற்றில் வீட்டுக் கம்பிகளையும் மாட்டி, உள்ளிருந்து புறப்படும் தகவலுக்கும் அதன் மறுமொழிக்கும் மட்டுமே வழிவிட்டு, அழையாமல் வருவதைத் தடுக்குமாறு விதிகளை எழுதவேண்டும். திண்ணையில் அமர்ந்து, வருவோரை யாரென்று கேட்டறிந்த வீட்டுப் பெரியவரின் கடமையை அப்பெட்டி ஏற்றுக்கொள்கிறது.

ஏ.பி.யு. வரிசை முடிவுறுவதாக அந்நிறுவனம் 2023-இல் அறிவித்தது. விற்றவர் தரும் மென்பொருளையே நம்பிய சாதனமாயின், காலப்போக்கில் அது காவலற்றுப் போகும். இதுவோ, இயக்குதளத்தைத் தன் கையால் நிறுவத் தெரிந்தவரின் வீட்டில் புதுப்பதிப்புகளைப் பெற்று வாழ்கிறது. இவ்வித்தையின் பெரும் பிரயோஜனம் அதுவே. கற்க விரும்புவோருக்கு, கட்டற்ற மென்பொருளைப் பரப்பும் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஹார்டுவேர் மூவ்மென்ட் என்னும் அமைப்பு புதுச்சேரியிலேயே உள்ளது.

வேலை முடிந்ததும் சீரியல் கேபிளைப் பரணில் போட்டுவிடாமல், பெட்டியருகே ஓர் ஆணியில் மாட்டி வைத்தல் நலம். வலைப்பின்னல் முழுதும் அறுபட்ட நாளிலும் அந்த யந்திரம் நம்மோடு பேசக்கூடிய வழி அது ஒன்றே.