காக்கையைக் காட்டாத விரல்

அரசு ஆவணங்கள் ஆட்டிசத்தைப் 'புறஉலகச் சிந்தனையின்மை' என்று குறிப்பிடுகின்றன. ஆனால் மின்விசிறியின் சுழற்சியையும் பொம்மைக் காரின் ஒற்றைச் சக்கரத்தையும் பெரியவர்களுக்கு வாய்க்காத நுணுக்கத்தோடு கவனிக்கும் குழந்தைக்கு அது பொருந்தாத பெயர். மூளை வளர்ச்சியில் அமையும் இந்த வேறுபாடு, பிறரோடு பழகுவதிலும் கருத்தைப் பரிமாறுவதிலும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதிலும் வெளிப்படுகிறது. 1943-இல் லியோ கான்னர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, கேட்ட கேள்வியை அப்படியே திருப்பிச் சொல்லும் எதிரொலிப் பேச்சு பதிவாகியிருக்கிறது: "பால் வேணுமா?" என்றால், வேண்டும் என்பதற்கும் "பால் வேணுமா" என்பதே விடை.

பேச்சுக்கு முன்பே தெரியும் அடையாளம் ஒன்று விரலில் இருக்கிறது. அலமாரியில் உள்ள பிஸ்கட் டப்பாவைக் கேட்டு விரல் நீட்டுவது ஒன்று; மதில்மேல் காக்கை வந்தமர்ந்ததும் அதைச் சுட்டிவிட்டு, தாயும் பார்த்தாளா என்று அவள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது வேறொன்று. ஒரு பொருளை இருவர் சேர்ந்து நோக்கும் இத்திறனை 'இணைந்த கவனம்' என்பர். பொதுவாக ஒன்றரை வயதுக்குள் இது கைகூடிவிடும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் சுட்டுவதற்குப் பதிலாகத் தாயின் மணிக்கட்டைப் பிடித்து டப்பாவருகே கொண்டுபோய் வைப்பார்கள். பார்வை முகத்துக்குப் போகாது. ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, 16 மாதமாகியும் ஒரு சொல்கூட வராமை, இரண்டு வயதில் இரு சொற்களைத் தானாகச் சேர்த்துப் பேசாமை, வந்த பேச்சு எந்த வயதிலாயினும் நின்றுபோதல் ஆகியவையும் மருத்துவரிடம் சொல்லத்தக்கவை. தனித்து எந்த அடையாளமும் ஆட்டிசத்தை உறுதிசெய்யாது; காது கேளாமையும் இதே தோற்றம் தரும் என்பதால் செவித்திறன் சோதனை அவசியம்.

சிப்காட் தொழிற்பூங்கா அமைந்த வல்லம் வடகால் போன்ற இடங்களில் இவ்வடையாளங்கள் ஒருவர் கண்ணிலேயே சேர்ந்து படுவது அரிது. ஷிப்ட் மாறிமாறி வேலைக்குப் போகும் பெற்றோர் குழந்தையைத் தூங்கும் நேரத்தில்தான் பார்க்கிறார்கள். பகலில் பாட்டியோ பக்கத்து வீட்டாரோ பார்த்துக்கொள்ள, ஆளுக்கொரு துண்டு தெரிந்திருக்கும். "அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்ற ஆறுதலில் ஒரு வருடம் போய்விடும். வடமாநிலக் குடும்பங்களில், வீட்டில் ஒடியாவும் வெளியே தமிழும் கேட்பதால் பிள்ளை குழம்பிவிட்டதென்பார்கள். இருமொழிச் சூழல் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை, விரல் நீட்டுவதையும் தடுப்பதில்லை.

தட்டம்மைத் தடுப்பூசியைக் காரணமாக்கிய பழியும் அவ்வாறே ஆதாரமற்றது. அப்பழிக்கு வித்திட்ட, 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு குழுவினர் எழுதிய கட்டுரையை லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. சொல்லப்போனால், அடையாளங்களைக் கண்டறிய மிகத் தோதான நாளே அந்த ஊசி போடும் நாள்தான். தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள் போடப்படுகிறது. உலகெங்கும் பயன்படும் எம்-சாட் என்னும் 20 கேள்விப் பட்டியலும் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானதே. அதில் சந்தேகம் எழுந்தால், 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்பலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்ற 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. பேச்சுப் பயிற்சியையும் விளையாட்டுவழிப் பயிற்சியையும் தொடங்க இறுதி அறுதியீடு வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தடுப்பூசி நாளான புதன்கிழமை குழந்தையைத் தூக்கிவருபவர் பெரும்பாலும் பாட்டிதான். "எதையாவது விரல் நீட்டிக் காட்டுறானா?" என்று செவிலியர் கேட்டால், பகலெல்லாம் உடனிருக்கும் அவராலேயே விடை சொல்ல முடியும், அந்தக் கேள்வியைத் தாயிடம்தான் கேட்க வேண்டுமென்று ஒத்திப்போடத் தேவையில்லை.