மாதிரியும் மருத்தும்

நீலகிரி மலையில், குன்னூருக்கும் உதகைக்கும் இடையே, மலை இரயில் நின்று செல்லும் ஊர்களுள் ஒன்று அருவங்காடு. தேயிலைத் தோட்டங்களும் ஓங்கி வளர்ந்த மரங்களும் சூழ்ந்த அவ்வூர், அங்குள்ள வெடிமருந்துத் தொழிற்சாலையால் நாடெங்கும் பெயர் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கார்டைட் என்னும் மருந்தைச் செய்வதற்காக அத்தொழிற்சாலை நிறுவப்பட்டது. துப்பாக்கிக் குண்டையும் பீரங்கிக் குண்டையும் உந்தித் தள்ளும் மருந்து அது. கயிறு போன்ற இழைகளாகச் செய்யப்பட்டமையால், கயிற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லினின்று அதற்கு அப்பெயர் அமைந்தது.

துப்பாக்கியினுள் கார்டைட் கணப்பொழுதில் எரிந்து வாயுவாக மாறுகிறது. அவ்வாயு விரிந்து குண்டை முன்னே தள்ளுகிறது. அதே வேளையில் துப்பாக்கி, சுடுபவரின் தோளைப் பின்னே உதைக்கிறது. ஒவ்வொரு செயலுக்கும் அதற்குச் சமமான எதிர்ச்செயல் உண்டு என்று நியூட்டன் கூறிய விதிக்கு இது தக்க சான்றாகும். அந்த உதை ஒரு கணத்தோடு நின்றுவிடாமல் இடைவிடாது நிகழுமாயின் என்ன ஆகும்? அதுவே ஜெட் விமானத்தை முன்னே செலுத்தும் விசை.

ஆயினும் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. கார்டைட் எரிவதற்கு வெளிக்காற்று வேண்டுவதில்லை. எரிதற்குரிய உயிர்வளி அதனுள்ளேயே அடங்கியுள்ளது. ஜெட் எஞ்சினோ காற்றை முன்புறமாக உள்ளே இழுக்கிறது. விரைந்து சுழலும் அலகுகள் அக்காற்றை அழுத்திச் செறிவாக்குகின்றன. செறிந்த காற்றில் மண்ணெண்ணெய் போன்ற எரிபொருள் பீச்சப்பட்டு எரிகிறது. சூடேறிய வாயு, டர்பைன் என்னும் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் பின்புறமாகச் சீறிப் பாய்கிறது. அந்தச் சக்கரமே முன்னுள்ள அலகுகளையும் சுழற்றுகிறது. வாயு பின்னே பாய, விமானம் முன்னே செல்கிறது. காற்றடைத்த பலூனின் வாயைத் திறந்துவிட்டால் அது பாய்ந்து ஓடுவதும் இம்முறையிலேயாம்.

ஜெட் எஞ்சினால் இயங்கிய முதல் விமானம் 1939 ஆகஸ்டு 27-ஆம் நாள் ஜெர்மனியில் பறந்தது. இந்திய விமானப்படை 1948-ஆம் ஆண்டில் வாம்பயர் என்னும் பிரிட்டிஷ் ஜெட் விமானங்களைப் பெற்றது. பிறர் வகுத்த விமானத்தை வாங்கிப் பயன்படுத்துவதோடு அமையாமல், தானே ஒன்றை வகுத்துச் செய்தல் வேண்டும் என்று இந்தியா விரும்பியது. பெங்களூரில் இருந்த இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஃபோக்கவுல்ஃப் 190 என்னும் புகழ்பெற்ற விமானத்தை வடிவமைத்த ஜெர்மன் பொறியாளர் குர்ட் டாங்க், 1956-ஆம் ஆண்டில் இந்தியா வந்து அப்பணிக்குத் தலைமை ஏற்றார். அவருடைய துணைவர்களும் இந்தியப் பொறியாளர்களும் கூடி உழைத்து உருவாக்கிய விமானமே மருத் ஆகும். மாருதம் என்னும் சொல்லை அறிந்தோர்க்கு, இப்பெயர் காற்றோடு தொடர்புடையது என்பது எளிதில் விளங்கும்.

மருத் காண்பதற்கு அழகிய விமானம். அதன் மூக்கு கூர்மையானது; இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்தவை. விமானி அமரும் இடத்தின் இருபுறமும் காற்று நுழையும் வாயில்கள் உள்ளன. வாலின் அடியில் இரு எஞ்சின்களின் புகைவாய்களும் அருகருகே அமைந்துள்ளன. அதன் நீளம் 15.87 மீட்டர், ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனிவரை 9 மீட்டர், உயரம் 3.6 மீட்டர்.

இத்தகைய விமானத்தைச் சிறு மாதிரியாகச் செய்து பார்ப்பதற்கு ஓர் அளவுமுறை உண்டு. உலகெங்கும் மாதிரி செய்வோர் பெரிதும் கையாளும் அளவு, 72-இல் ஒரு பங்கு என்பது. ஆறடி என்பது 72 அங்குலம். ஆகவே இவ்வளவில் ஆறடி உயரமுள்ள மனிதன் ஓர் அங்குல உயரமே இருப்பான். மருத்தின் அளவுகளை 72-ஆல் வகுத்தால், மாதிரியின் நீளம் ஏறத்தாழ 22 சென்டிமீட்டர், இறக்கையின் அகலம் 12.5 சென்டிமீட்டர், உயரம் 5 சென்டிமீட்டர் ஆகும்.

முதலில் விமானத்தின் மேல்தோற்றம், பக்கத்தோற்றம், முன்தோற்றம் ஆகிய மூன்றையும் தாளில் அளவாக வரைதல் வேண்டும். எளிதில் செதுக்கக்கூடிய மென்மையான மரத்துண்டின்மேல் பக்கத்தோற்றத்தையும் மேல்தோற்றத்தையும் பதித்து, கோட்டிற்குச் சற்று வெளியே இழைவாளால் அறுக்க வேண்டும். உடலின் குறுக்குவெட்டு வடிவங்களை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, மரத்தைச் செதுக்கும்போது அடிக்கடி அவ்வட்டையைப் பொருத்திச் சரிபார்த்தல் நலம். செதுக்கிய மரத்தை மீண்டும் சேர்க்க முடியாது. ஆதலால் சிறிது சிறிதாகவே செதுக்க வேண்டும். இறக்கைகளையும் வாலையும் மெல்லிய ஒட்டுப்பலகையில் வெட்டி, உடலில் பள்ளம் எடுத்து ஒட்ட வேண்டும். இடப்புறமும் வலப்புறமும் ஒரே சாய்வில் உள்ளனவா என்று முன்னிருந்தும் பின்னிருந்தும் நோக்க வேண்டும். இறுதியில் உப்புத்தாளால் தேய்த்து, வண்ணத்தை மெல்லியதாகப் பூச வேண்டும். தடித்த வண்ணம் நுண்ணிய விளிம்புகளை மறைத்துவிடும்.

இவ்வாறு செய்த மாதிரியைக் கையில் ஏந்திப் பார்ப்பவர்க்கு, விமானத்தின் வடிவம் முழுதும் விளங்கும். ஆனால் அது மெய்யான மருத்தைப் போலவே பறக்குமா? பறக்காது. அதன் காரணம் கணக்கிலேயே உள்ளது.

நீளம் 72-இல் ஒரு பங்காகக் குறையும்போது, இறக்கையின் பரப்பு 72-ஐ 72-ஆல் பெருக்கிய 5,184-இல் ஒரு பங்காகிறது. கன அளவோ 3,73,248-இல் ஒரு பங்காகிவிடுகிறது. மெய்யான மருத், எரிபொருளும் படைக்கலமும் இல்லாத நிலையில், 6,000 கிலோகிராமுக்குச் சற்று மிகுந்த எடை கொண்டது. அதே பொருள்களால் ஒவ்வோர் உறுப்பையும் அதே விகிதத்தில் குறைத்துச் செய்தால், மாதிரியின் எடை 17 கிராமுக்கும் குறைவாகவே இருக்கும். திண்ணிய மரத்தில் செய்த மாதிரியோ அதைவிடக் கனமாக இருக்கும். இவை ஒருபுறமிருக்க, விமானத்தைச் சுருக்கலாம்; அதைத் தாங்கும் காற்றைச் சுருக்க முடியாது. பெரிய இறக்கையின் மேல் வழுவழுப்பாக ஓடும் அதே காற்று, சிறிய இறக்கையின் மேல் வேறு விதமாக நடந்துகொள்கிறது. எனவேதான் சிறு மாதிரிகளைக் கொண்டு செய்த சோதனைகளின் முடிவுகளைப் பொறியாளர்கள் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை.

இவ்வுண்மையை நன்கு உணர்ந்த பெங்களூர்ப் பொறியாளர்கள், சுருக்காத மாதிரி ஒன்றையே செய்தனர். மருத்தின் முழு அளவில், அதே வடிவில், மரத்தால் ஆன விமானம் அது. அதில் எஞ்சின் இல்லை. இருவர் அமர்ந்து செல்ல இடம் இருந்தது. 1959-ஆம் ஆண்டில் டகோட்டா விமானம் ஒன்று அதைக் கயிற்றால் கட்டி வானில் இழுத்துச் சென்றது. உயரத்தில் கயிறு விடுவிக்கப்பட்டதும், மர விமானம் காற்றில் வழுக்கி இறங்கித் தரை சேர்ந்தது. அது 78 முறை இவ்வாறு பறந்தது. இறங்கும் வேளையில் விமானம் விமானியின் கைக்கு எவ்வாறு கட்டுப்படுகிறது என்பதை, உலோக விமானம் உருவாகும் முன்னரே விமானிகள் அறிந்துகொண்டனர். பிழை இருப்பின் மரத்தில் திருத்துவது எளிது. உயிருக்கும் பொருளுக்கும் நேரும் கேடும் குறைவு.

1961 ஜூன் 17-ஆம் நாள், மெய்யான மருத் பெங்களூரில் முதன்முதலாக வானில் எழுந்தது. அதைச் செலுத்தியவர் சோதனை விமானி சுரஞ்சன் தாஸ். இந்தியாவில் உருவாகிப் பறந்த முதல் ஜெட் போர் விமானம் என்னும் பெருமை அதற்கு உரியதாயிற்று. 

ஆயினும் அப்பெருமையுடன் ஒரு குறையும் சேர்ந்தே வந்தது. ஒலியைப் போல் இருமடங்கு வேகம் எட்ட வேண்டும் என்னும் நோக்குடன் மருத்தின் உடல் வகுக்கப்பட்டிருந்தது. அதற்கு ஏற்ற ஆற்றல்மிக்க எஞ்சின் பிரிட்டனில் உருவாகும் என நம்பியிருந்தனர். அத்திட்டம் இடையிலேயே கைவிடப்பட்டது. வேறு வழியின்றி, ஆற்றல் குறைந்த ஆர்பியஸ் எஞ்சின்கள் இரண்டு பொருத்தப்பட்டன. அவற்றால் ஒலியின் வேகத்தை ஒட்டியே செல்ல முடிந்தது. எகிப்து நாட்டில் உருவாகிவந்த எஞ்சினைப் பொருத்தவும் முயன்றனர், அம்முயற்சியும் நிறைவேறவில்லை. 1970 ஜனவரி 10-ஆம் நாள், மருத் விமானம் ஒன்றைச் சோதித்தபோது நேர்ந்த விபத்தில் சுரஞ்சன் தாஸ் உயிர் துறந்தார். பெங்களூரில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

குறையோடு பிறந்தபோதிலும் மருத் தன் கடமையில் தவறவில்லை. 1967-ஆம் ஆண்டில் விமானப்படையில் சேர்ந்த அது, 1971-ஆம் ஆண்டுப் போரில் இராஜஸ்தான் எல்லையில் தரைப்படைக்குத் துணை நின்றது. ஓர் எஞ்சின் செயலிழந்த பின்னும் மற்றொன்றின் துணையால் தளம் திரும்பிய மருத்துகளும் உண்டு. மொத்தம் 147 மருத் விமானங்கள் செய்யப்பட்டன. 1990-ஆம் ஆண்டில் அவை ஓய்வு பெற்றன. பெங்களூரில் உள்ள விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்தில் மருத் ஒன்றைக் காணலாம்.

அதன்பின் இந்தியா வகுத்த தேஜஸ் என்னும் போர் விமானம், 2001 ஜனவரி 4-ஆம் நாள் முதன்முறையாகப் பறந்தது. 2018-ஆம் ஆண்டில், நீலகிரியின் அடிவாரத்திற்கு அப்பால் கோவையை அடுத்துள்ள சூலூர் விமானத் தளத்திற்குத் தேஜஸ் படையணி ஒன்று வந்து சேர்ந்தது. அவ்விமானம் ஒலியினும் விரைந்து செல்ல வல்லது. எனினும் அதன் எஞ்சின் அமெரிக்காவில் செய்யப்பட்டது. மருத்தின் காலத்தில் எழுந்த வினாவுக்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை என்பதை இது காட்டுகிறது.

மரத்தில் மாதிரி செதுக்கும் மாணவர், ஒரு பொருளின் வடிவத்தை ஊன்றி நோக்கவும், அளவு தவறாமல் செய்யவும், செய்ததைச் சரிபார்க்கவும் கற்றுக்கொள்கின்றனர். இவை பொறியியலுக்கு அடிப்படையான பழக்கங்கள். ஆனால் அம்மாதிரியின் புகைவாய்க்குள் நோக்கினால், அங்கே வெறும் மரமே இருக்கக் காணலாம். கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை மாதிரியிலிருந்து கற்கலாம். உள்ளிருந்து உந்தும் ஆற்றலை உலோகத்தையும் நெருப்பையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தே பெற வேண்டும். மருத் நாட்டிற்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.