வில்லியம் கென்ட்ரிட்ஜ்

வில்லியம் கென்ட்ரிட்ஜ் (பிறப்பு: ஏப்ரல் 28, 1955) ஒரு தென்னாபிரிக்க ஓவியரும் அசைவூட்டப் பட இயக்குநரும் ஆவார். இன ஒதுக்கல் ஆட்சி நிலவிய காலத்தில் ஜோகானஸ்பேர்க் நகரில் வளர்ந்தவர். இவர் இளமையில் கண்ட அரசியல் கொந்தளிப்பின் தாக்கத்தை இவருடைய கருப்பொருள்களில் மட்டுமன்றி, வரையும் முறையிலும் காணலாம்.

இளமைக்காலம்

இவருடைய பெற்றோர் இருவரும் இன ஒதுக்கலை எதிர்த்த வழக்கறிஞர்கள். மார்ச் 21, 1960 அன்று ஷார்ப்வில் என்னுமிடத்தில், கறுப்பின மக்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய அனுமதிச்சீட்டுச் சட்டங்களுக்கு எதிராகத் திரண்டோர் மீது காவல்துறை சுட்டது. அரசுக் கணக்கின்படி 69 பேர் இறந்தனர். அவர்களுடைய குடும்பங்களின் சார்பில் தந்தை சிட்னி கென்ட்ரிட்ஜ் வாதாடினார். ஏறத்தாழ 6 வயதில், தந்தையின் அறையிலிருந்த மஞ்சள் நிறப் பெட்டி ஒன்றை இனிப்புப் பெட்டி என எண்ணிச் சிறுவன் கென்ட்ரிட்ஜ் திறந்தார். அதனுள் சுடப்பட்டோரின் ஒளிப்படங்கள் இருந்தன.

வெள்ளையர் என்பதால் அவ்வன்முறை இவரைத் தீண்டவில்லை. அவ்வமைப்பின் சலுகைகளும் இவருக்குக் கிடைத்தன. அநீதியை அறிந்தும் அதன் பயனைப் பெறுபவரின் மனச்சான்று இவருடைய படைப்புகளில் தொடர்ந்து இடம்பெறுகிறது.

நுட்பம்

வழக்கமான அசைவூட்டத்தில் ஒவ்வொரு அசைவும் தனித்தாளில் வரையப்படும். கென்ட்ரிட்ஜ் ஒரே தாளில் கரிக்கோலால் வரைந்து படமெடுப்பார். பின் ஒரு பகுதியை அழித்து, மாற்றி வரைந்து மீண்டும் படமெடுப்பார். கரி முழுவதும் அழிவதில்லை. முந்தைய உருவத்தின் சாம்பல்நிறத் தடம் திரையில் எஞ்சியிருக்கும். மறைக்க முயன்றாலும் கடந்தகாலம் மறைவதில்லை என்பதை இம்முறையே உணர்த்துகிறது.

படைப்புகள்

1989 முதல் 2020 வரை இம்முறையில் 11 படங்கள் கொண்ட தொடர் ஒன்றை உருவாக்கினார். அதன் முதன்மைப் பாத்திரங்கள் சுரங்க முதலாளியான சோகோ எக்ஸ்டைன், கனவுகளில் வாழும் பெலிக்ஸ் டைட்டல்பாம் ஆகியோர். அனைத்து இனத்தவரும் வாக்களித்த 1994 பொதுத்தேர்தலுக்குச் சற்று முன் முடிக்கப்பட்ட 'நாடுகடந்த பெலிக்ஸ்' படத்தில், கொல்லப்பட்டோரின் உடல்கள் செய்தித்தாள்களால் மூடப்பட்டு நிலத்தோடு கலந்து மறைகின்றன. நாட்டின் புதிய வரலாற்றில் இவர்கள் நினைவுகூரப்படுவார்களா என்பதே அப்படம் எழுப்பும் கேள்வி. 1996 இல் வெளியான படத்தில், நோயுற்றுக் கிடக்கும் சோகோ தன் பொறுப்பை எதிர்கொள்கிறார். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு தன் விசாரணைகளைத் தொடங்கியதும் அவ்வாண்டே.

2016 இல் உரோம் நகரில், டைபர் ஆற்றங்கரைச் சுவரில் படிந்திருந்த அழுக்கை நீரால் கழுவி ஏறத்தாழ 500 மீட்டர் நீள ஓவியத்தை உருவாக்கினார். அழுக்கு மீண்டும் படியப் படிய உருவங்கள் மங்கும் வகையிலேயே அது திட்டமிடப்பட்டது.