ஏர் மாட்டுக்கு ரூ.30,000: உதவித்தொகை மட்டும் காளையைக் காக்குமா?

புது தில்லி: ஐரோப்பாவில் குதிரைகள் செய்த உழவுப் பணியை இந்தியாவில் பெரும்பாலும் காளைகளே செய்து வந்தன. அந்தக் காளையை மீண்டும் வயலுக்கு அழைக்க முன்வந்திருக்கிறது ராஜஸ்தான். காளை பூட்டி உழும் சிறு, குறு விவசாயிகளுக்கு ஆண்டுக்கு ரூ.30,000 ஊக்கத்தொகை வழங்கப்படும் என 2025 பிப்ரவரியில் தாக்கல் செய்த பட்ஜெட்டில் அம்மாநில நிதியமைச்சர் தியா குமாரி அறிவித்தார். உழவுக்குப் பெயர்பெற்ற நாகௌரி காளைகளின் தாயகம் அது.

2019-ம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் பசுக்களின் எண்ணிக்கை ஏழு ஆண்டுகளில் 18 சதவீதம் உயர்ந்து 14.5 கோடியானது. காளைகளோ ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்து 5 கோடிக்கும் கீழே சென்றுவிட்டன.

காரணம் வெளிப்படையானது. காளைக்கு உழவு வேலை ஆண்டில் சில வாரங்களே. தீவனமோ ஆண்டு முழுவதும் வேண்டும். வாடகை டிராக்டர் ஒரு நாள் வேலையை ஓரிரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது.

ஆயினும், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 86 சதவீத நில உடைமைகள் இரண்டு ஹெக்டேருக்கும் குறைவானவை. இத்தகைய விவசாயிக்குச் சொந்த டிராக்டர் எட்டாக்கனி. மானாவாரி நிலத்தில் மழை பெய்த சில நாள்களுக்குள் விதைத்தாக வேண்டும். அப்போது வாடகை டிராக்டருக்குக் காத்திருப்பவர் பருவத்தைத் தவறவிடுகிறார். கொட்டிலில் ஏர் மாடு இருந்தால் அந்தக் கவலை இல்லை, எருவும் கிடைக்கிறது.

ஆனால், அரசின் கொள்கைகளே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. மத்திய அரசின் ராஷ்ட்ரிய கோகுல் திட்டம், சுமார் 90 சதவீதம் பெண் கன்றுகளே பிறக்கும் வகையில் பாலினம் பிரித்த விந்தணுவை ஊக்குவிக்கிறது. ராஜஸ்தானின் 1995-ம் ஆண்டுச் சட்டம் காளை வதையைத் தடை செய்து, மாடுகளை வெளிமாநிலம் கொண்டு செல்வதையும் கட்டுப்படுத்துகிறது. முதிர்ந்த காளையை விற்க வழியில்லாத விவசாயி, இளங்காளை வாங்கத் தயங்குவது இயல்பே.

விளைவு தெருவில் தெரிகிறது. 2019 கணக்கெடுப்பில் நாடெங்கும் 50 லட்சம் மாடுகள் உரிமையாளரின்றித் திரிந்தன, அதில் 12.7 லட்சத்துடன் ராஜஸ்தானே முதலிடம். அவை மேய்வதும் அதே சிறு விவசாயிகளின் பயிரைத்தான்.

ரூ.30,000 என்பது ஒரு ஜோடிக்கு நாளொன்றுக்கு ரூ.82, ஒரு காளைக்கு ரூ.41. உழும் காளைக்கு இத்தொகை ஓரளவு கைகொடுக்கலாம். உழைத்து ஓய்ந்த காளையின் பாரத்தை யார் சுமப்பது என்பதற்கு விடை காணாதவரை, ஏர் மாடு கொட்டிலுக்குத் திரும்புவது அரிது.