நாய் மேல் இருப்பது வேறு, காய்ச்சல் தருவது வேறு: பழவேற்காட்டுக் கொல்லையில் இரண்டு ‘உண்ணி’கள்

“நாய் மேல உண்ணி மொய்க்குது. சுவத்துல எல்லாம் ஏறுது. உண்ணிக் காய்ச்சல் வேற பரவுதுன்னு சொல்றாங்க. வர்றப்ப ஏதாச்சும் மருந்து வாங்கிட்டு வா.” மழைக்காலம் முடியும் சமயத்தில், சென்னையில் வேலை பார்க்கும் பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து இப்படி ஒரு போன் வந்தால் ஆச்சரியமில்லை.

அந்தப் போனில் இரண்டு வெவ்வேறு பூச்சிகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. நாய்க் காதில் கொத்தாகத் தொங்குவது ஒன்று. செய்திகளில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று வருவதைப் பரப்புவது இன்னொன்று. முதலாவதற்கு மருந்து அடித்துவிட்டு, இரண்டாவதும் ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்துவிடுவதில்தான் சிக்கல்.

காய்ச்சல் தருவது எது?

2024-ம் ஆண்டு முடியும் தறுவாயில், சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், வேலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் அதிகரித்து வருவதாகத் தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை எச்சரித்தது. பழவேற்காடு இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில். இந்த ஸ்க்ரப் டைபஸுக்குத்தான் தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்று பெயர் விழுந்துவிட்டது.

உண்மையில் இதைப் பரப்புவது உண்ணி அல்ல. ‘மைட்’ எனப்படும் நுண்பூச்சியின் குஞ்சு. ‘சிகர்’ என்பார்கள். அளவு சுமார் 0.2 மில்லிமீட்டர். ஆரஞ்சு கலந்த சிவப்பு நிறம். கண்ணில் படுவதே அபூர்வம். புதர் ஓரத்துப் புல் நுனியில் காத்திருந்து எலி, மூஞ்சூறு மீது ஏறும். நாம் குறுக்கே போனால் நம் மீதும் ஏறும். கடித்தால் வலிக்காது. தாய்ப் பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே கிருமி குஞ்சுக்கு வந்துவிடுவதால், ஒருமுறை கிருமி புகுந்த புதர் பல தலைமுறைக்கு அப்படியே இருக்கும்.

இது மலைக்காட்டு நோய் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. வேலூர் சிஎம்சி மருத்துவர்களும் லண்டன் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் சுமார் 32 ஆயிரம் பேரைக் கண்காணித்து 2025-ல் வெளியிட்ட ஆய்வு, கிராம மக்களில் 10 சதவீதம் பேர் வரை ஓராண்டில் இந்தத் தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்கிறது. பலருக்கு அறிகுறியே தெரிவதில்லை. சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகிறது. பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரைதான் சீசன்.

நாய் உண்ணி எங்கே குடியிருக்கிறது?

இனி கண்ணுக்குத் தெரிகிற உண்ணிக்கு வருவோம். இணையத்தில் ‘வீட்டுத் தோட்டத்தில் உண்ணியை ஒழிப்பது எப்படி’ என்று தேடினால், புல்லைக் குட்டையாக வெட்டு, காட்டு ஓரத்தில் 3 அடி அகலத்துக்கு மரச்சில்லு கொட்டு என்று வரும். அது அமெரிக்க மான் உண்ணிக்குச் சொன்ன வைத்தியம். நம் ஊர்ப் பழுப்பு நாய் உண்ணிக்குப் புல்வெளி தேவையே இல்லை. அது வீட்டுப் பூச்சி. மேல்நோக்கி ஏறும் பழக்கம் உள்ளது. சுவர் விரிசல், கதவு நிலை, ஓலைக் கூரையின் மடிப்பு, நாய் படுக்கும் பழைய வலைக் குவியல் இவைதான் அதன் வீடு.

நாய் மேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம்தான். குஞ்சு, இளம் உண்ணி, வளர்ந்த உண்ணி என்று ஒவ்வொரு பருவத்திலும் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுந்து, ஒளிந்து, தோலுரித்து மறுபடி ஏறும். வயிறு புடைத்த ஒரு பெண் உண்ணி விரிசலுக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். 4 ஆயிரம் வரைகூடப் போகும். வளர்ந்த உண்ணி ரத்தம் கிடைக்காமல் ஓராண்டுக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். நாயை மட்டும் குளிப்பாட்டினால் பத்து நாளில் பழைய கதைதான்.

எனவே வேலை மூன்று இடத்தில். நாய்க்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் மாத்திரையோ, பிடரியில் விடும் சொட்டு மருந்தோ கொடுக்க வேண்டும். நாய் படுக்கும் சாக்கு, துணியைக் கொதிநீரில் முக்கி வெயிலில் காயப்போட வேண்டும். சுவர் விரிசலைச் சிமெண்ட் வைத்துப் பூச வேண்டும். முட்டைக்கு மருந்து சரியாக எட்டாது என்பதால் இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு சுற்று அவசியம். குப்பத்தில் நாய் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டு நாயை விட்டுவிட்டு உங்கள் நாய்க்கு மட்டும் மருந்து போடுவது பாதி வேலைதான்.

‘கோழி வளர்த்தால் உண்ணியைக் கொத்தித் தின்றுவிடும்’ என்ற நம்பிக்கையும் உண்டு. சிலவற்றைத் தின்னும், சரி. ஆனால் கோழிக் கூண்டின் இடுக்கில் கோழிகளுக்கென்றே தனி உண்ணி பகலெல்லாம் ஒளிந்திருந்து ராத்திரி வெளியே வரும். கூண்டையும் அவ்வப்போது வெயிலில் கவிழ்த்துப் போடுங்கள். தெருவில் தூவும் பிளீச்சிங் பவுடர் கிருமிநாசினி. உண்ணிக்கு மருந்து அல்ல. மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சி வைப்பதும் நாய்த் தோலைத்தான் புண்ணாக்கும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். விரலால் நசுக்க வேண்டாம்.

மருந்து அடிக்கும் முன் ஏரியைப் பாருங்கள்

மற்ற ஊரைவிடப் பழவேற்காட்டில் கூடுதலாக யோசிக்க வேண்டிய விஷயம் இது. உண்ணிக்குக் கடையில் சாதாரணமாகக் கொடுப்பது டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகை மருந்துகள். மாடு, நாய்க்கு அளவோடு பயன்படுத்தலாம். மீனுக்கும் இறாலுக்கும் கடும் விஷம். ஒரு லிட்டர் தண்ணீரில் மைக்ரோகிராம் கணக்கில் கலந்தாலே இறால் செத்துப்போகும். காரணம் எளிது. உண்ணி, இறால், நண்டு மூன்றும் கணுக்காலிகள்; ஒன்றின் நரம்பைத் தாக்கும் மருந்து மற்றொன்றையும் தாக்கும்.

இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியின் கரையில், இறாலும் நண்டும் சோறு போடுகிற ஊரில், கொல்லையில் அடித்த மருந்து ஒரே மழையில் ஏரிக்குப் போய்விடும். அதனால் தரை முழுக்க ஸ்ப்ரே அடிக்க வேண்டாம். விரிசலுக்குள் மட்டும், மழை வராத நாளில், பிரஷ்ஷால் தடவினால் போதும். உயிரோடு விற்க வைத்திருக்கும் நண்டுக் கூடை, வலை, ஐஸ் பெட்டி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. தெளிப்பானை ஏரியில் கழுவவே கூடாது. சொட்டு மருந்து போட்ட நாயை இரண்டு நாளாவது தண்ணீரில் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். படகுத் துறையே கதி என்று கிடக்கும் நாய் என்றால் மாத்திரைதான் நல்லது. பூனை இருக்கும் வீட்டில் பெர்மெத்ரின் வேண்டாம்; பூனை தாங்காது.

கொல்லையின் ஓரம்

காய்ச்சல் தரும் சிகருக்கு இந்த மருந்துச் செலவெல்லாம் உதவாது. அதன் இடம் வேலி ஓரத்து வேலிக்காத்தான் புதரும் உயரப் புல்லும்தான். வீட்டைச் சுற்றி நாலைந்து அடிக்காவது செடி கொடி இல்லாமல் வெறும் மண்ணாக வைத்தால் சிகருக்கும் எலிக்கும் மறைவு குறையும். முழுக்கைச் சட்டை, பேன்ட் போட்டு வெட்டுங்கள்.

அடுத்தது எலி. கிழிந்த வலைக் குவியல், கவிழ்த்துப் போட்ட உடைந்த படகு, தெர்மாகோல் பெட்டி, அதன் பக்கத்திலேயே மீன் கழிவு. எலிக்கு இதைவிட என்ன வேண்டும்? விஷம் வைத்து எலியைக் கொல்வதற்கு முன் அந்தக் குவியலை அகற்றுங்கள். எலி செத்தால் அதன் மேல் இருந்த பூச்சிகள் வேறு உடம்பைத் தேடும்.

துணியைப் புதர் மேல் உலர்த்தும் பழக்கத்தை விட்டுக் கொடி கட்டுங்கள். விறகு வெட்டிவிட்டு வந்தால் குளித்து, துணி மாற்றிவிட்டுப் படுக்க வேண்டும். சிகர் தோலில் இடம் தேடி அலையும்போதே சோப்புத் தேய்த்துக் கழுவிவிடலாம்.

காய்ச்சல் வந்துவிட்டால்

கடித்து 6 முதல் 21 நாட்களுக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி வரும். டெங்கு போலவும் டைபாய்டு போலவும் தெரியும். வழக்கமாகக் கொடுக்கும் பல ஆன்டிபயாட்டிக்குகள் இதற்குக் கேட்காது. டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் கேட்கும்; பலருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். மருந்துக் கடையில் நாமே வாங்கிப் போடுவதற்கில்லை. மூன்று நாள் காய்ச்சல் நிற்கவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையமோ பொன்னேரி அரசு மருத்துவமனையோ போய், புதர்ப் பக்கம் போனதைச் சொல்ல வேண்டும். வீட்டில் நாய் உண்ணி இருந்தால் அதையும் சொல்லுங்கள். நாய் உண்ணியும் அரிதாக ஒரு வகைக் காய்ச்சலைத் தரும். உள்ளங்கை, உள்ளங்கால் வரை சிவப்புப் புள்ளிகள் வரும்.

ஸ்க்ரப் டைபஸில் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கலாம். எல்லாருக்கும் வராது. வந்தாலும் வலிக்காது, அரிக்காது. அதனால் யாரும் தேடுவதில்லை. அது இருப்பதும் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, பாவாடை நாடா இறுகும் இடுப்பு போன்ற இடங்களில். அம்மா அதை மருத்துவரிடம் காட்டக் கூச்சப்படலாம். போனில் “காய்ச்சல் எத்தனை டிகிரி?” என்று கேட்பதோடு, “இடுப்புல, அக்குள்ல கருப்பா ஏதாச்சும் பொருக்கு இருக்கான்னு தங்கச்சிய பார்க்கச் சொல்லும்மா” என்றும் சொல்லிவிடுங்கள்.